காது மெஷின் வாங்கியாச்சா? உஷார்... எல்லாமே ‘பழகிடும்’ அல்ல!

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புதிதாகக் காது மெஷின் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? தயவுசெய்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பணத்தைக் கட்டி, டப்பாவை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். கவனமாக இருக்க வேண்டிய காலமே அப்போதுதான் தொடங்குகிறது. முதல் சில வாரங்களின் அலட்சியத்தால் ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவி பீரோவுக்குள் போய்விடுகிறது. காதில் புண், குழந்தையின் மூக்குக்குள் பேட்டரி என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலையும் வரலாம்.

பிரச்னையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? பழகக்கூடிய விஷயத்தை ‘இது எனக்குச் சரிப்படாது’ என்று கழற்றி வைத்துவிடுகிறோம். பழகவே கூடாத விஷயத்தை ‘போகப் போகப் பழகிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறோம். இரண்டுமே தலைகீழ். எது பழகும், எது பழகாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆபத்தைத் தாண்டிவிடலாம்.

முதலில் பழகக்கூடியது. வயதாகி வரும் காது மந்தம் ஒரே நாளில் வருவதில்லை. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000தான். பட்டுப்போனால் அவை திரும்ப முளைப்பதில்லை. கூர்மையான, உச்ச ஸ்தாயி ஒலிகளை வாங்குகிற செல்கள்தான் முதலில் போகும். அதனால்தான் பெரியவர்கள் “சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்கிறார்கள். ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரெழுத்துகள் காதில் விழும். ‘ச’, ‘த’, ‘ப’, ‘க’ நழுவும். பால் என்றீர்களா, கால் என்றீர்களா என்று தெரியாது. இப்படியே பல வருடங்கள் ஓடிய பிறகு ஒரு நாள் மெஷினை மாட்டியதும், அதுவரை காணாமல்போயிருந்த சத்தங்கள் எல்லாம் மொத்தமாகத் திரும்பி வருகின்றன. காது வாங்குகிறது, மூளைக்குத்தான் எதைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்று தெரியவில்லை. அது மறந்து ரொம்ப நாளாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. மெஷின் போட்ட மறுநாள் காலை சமையலறையில் நின்றுகொண்டு, “ஏன்டா, இந்த ஃபேன் எப்பவுமே இப்படித்தான் கத்துமா?” என்று மகனைக் கேட்டார். குழாயில் தண்ணீர் விழுவது, மளிகைச் சாமான் கவரைப் பிரிப்பது, எவர்சில்வர் தட்டைத் தட்டின்மேல் வைப்பது, தன் வாயிலேயே அப்பளம் நொறுங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டார். மிக்சியைப் போட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “தலைக்குள்ள ஓடுதுடா, கழட்டிடுறேன்” என்றார். மகனும் பரிதாபப்பட்டு, “சரிம்மா, யாராவது வந்தா போட்டுக்கோ” என்றார். அன்றோடு சரி. அந்த மெஷின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

‘யாராவது வந்தா போட்டுக்கோ’. மெஷினுக்குச் சாவுமணி அடிப்பது இந்த ஒரு வாக்கியம்தான். விருந்தாளி வரும்போது மட்டும் மாட்டினால், மூளைக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் நாள்தான். தினமும், அமைதியான வீட்டில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டுக்கொண்டு இருந்தால்தான் ‘இது ஃபேன், இதைக் கவனிக்க வேண்டாம்’ என்று மூளை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். இதற்குச் சில வாரங்கள் ஆகும்; சிலருக்குச் சில மாதங்களும் ஆகும். நாள் முழுக்கப் போட வேண்டுமா, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டுமா என்பதை உங்கள் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) சொல்வார். அந்த நேரக்கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

முதல் சில நாட்கள் ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசட்டும். டி.வி.யை அணைத்துவிடுங்கள். பேப்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தன் குரல் தனக்கே பழக அது நல்ல வழி. அடுத்து இரண்டு மூன்று பேர் சேர்ந்த பேச்சு. அதற்கப்புறம் கடைத்தெரு, கோயில். கல்யாண மண்டபம் கடைசி. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மெஷின் வாங்கி, தாத்தாவை நேராக நாதஸ்வரம், தவிலுக்கு முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். நன்றாகக் கேட்கிற காதுக்கே பக்கத்து நாற்காலிப் பேச்சு விழாத இடம் அது. அங்கே தோற்றுப்போன மெஷினை அவர் மறுபடி தொடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தன் குரலே தனக்கு வேறு மாதிரி கேட்கிறது என்பது இன்னொரு புகார். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருக்கிறது என்பார்கள். காதை அடைத்து வைப்பதால், எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முழங்குகிறது. ஓரளவு பழகும். பழகவில்லை என்றால் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை; காதுக்குள் போகும் ரப்பர் முனையை மாற்றலாம், காதின் அளவுக்குச் செய்த அச்சில் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம். அதற்கு நீங்கள் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தத் திரும்பப் போவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். புதியவர்களுக்கு முதல் நாளே முழு அளவு ஒலியைத் திறந்துவிடாமல், பல ஆடியாலஜிஸ்டுகள் சற்றுக் குறைத்தே வைத்து அனுப்புவார்கள். அடுத்தடுத்த சந்திப்புகளில் படிப்படியாகக் கூட்டுவார்கள். இரண்டாம் தடவை போகாதவர் அந்தக் குறைந்த அளவிலேயே நின்றுவிடுகிறார். ‘இவ்வளவு செலவு பண்ணியும் ஒண்ணும் கேக்கல’ என்கிறார். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, எந்தச் சத்தம், எப்படித் தொந்தரவு செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘பஸ் ஹாரன் குத்துது’, ‘பேரன் பேசுறது புரியல, பேத்தி பேசுறது புரியுது’. இந்த இரண்டு வரி கிடைத்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆடியாலஜிஸ்டுக்கு எதைத் திருத்துவது என்று பிடி கிடைத்துவிடும். ‘சரியில்ல’ என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மெஷினால் பயன்பெறக்கூடியவர்களில் சுமார் 17 சதவீதம் பேர்தான் உலகளவில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சிறு கூட்டத்துக்குள் வந்த பிறகும் கழற்றி வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு! கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைக்கிறார், கூட்டத்தைத் தவிர்க்கிறார், தனியாகிறார். மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது; கவனிக்காமல் விட்ட காது மந்தமும் அதில் ஒன்று. (மெஷின் போட்டால் மறதி நோயே வராது என்று யாராவது விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது.)

பழகவே கூடாதவை

இப்போது மறுபக்கம். வலி பழகக் கூடாது. காதுக்குள் உரசி எரிச்சல், காதுமடலுக்குப் பின்னால் சிவந்து தடித்துப்போவது, தாடையை அசைத்தால் குத்துவது இதெல்லாம் அச்சு சரியில்லை என்பதற்கு அடையாளம். புதுச் செருப்பு கடிப்பதைப் பொறுத்துக்கொண்டதுபோல இதையும் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்கள்தான் அதிகம். கேட்டால்தான் சொல்வார்கள். தினமும் இரவு மெஷினைக் கழற்றியதும் ஒரு டார்ச் அடித்து, காதின் வாயிலையும் மடலின் பின்புறத்தையும் நீங்களே பாருங்கள்.

காதிலிருந்து நீரோ சீழோ வந்தால் அந்த நிமிடமே மெஷினைக் கழற்றுங்கள். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் அடைத்து மூடிய காது கிருமிக்கு நல்ல விளைநிலம். ஈ.என்.டி. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தக் காதில் மாட்டக் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் என்று எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் இறங்கும். பட்ஸ், ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் வேண்டாம். அவை அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம்.

சதா ‘கீ...’ என்று விசில் அடிக்கிறதா? அதுவும் பழக வேண்டியதில்லை. காதுக்குள் போக வேண்டிய ஒலி இடுக்கு வழியாகக் கசிந்து மறுபடி மைக்குக்குள் நுழைகிறது. அச்சு தளர்ந்திருக்கலாம், சரியாக உட்காராமல் இருக்கலாம், காதில் குறும்பி அடைத்திருக்கலாம். உடம்பு மெலிந்தாலும்கூட அச்சு லூசாகிவிடும். நூல் சுற்றி, பஞ்சு வைத்து இறுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த விசில் கேட்கும். போட்டிருப்பவருக்கே சில நேரம் கேட்காது. ஆகவே வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரஷர் ஹாரன், பாத்திரம் விழும் சத்தம் இவை திடுக்கிட வைக்கலாம், வலிக்கக் கூடாது. வலித்தால் மெஷினின் உச்ச ஒலி வரம்பு அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறைக்க முடியும். குறைக்காமல் நாள் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் கேள்வித்திறனுக்கும் கேடு.

அந்தச் சின்ன பேட்டரி

இனி நான் சொல்லப்போவதைச் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இரண்டு முறை படியுங்கள்.

சார்ஜ் போடும் வகை இல்லாத மெஷின்களில் துத்தநாக-காற்று பேட்டரி இருக்கும். வட்ட அட்டையில் வெள்ளிப் பொட்டுகளாக வரிசையாக இருக்கும். அளவு 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம் என்று ஒட்டுக் காகிதத்தின் நிறம் மாறும். காகிதத்தை உரித்தால் அடியில் ஊசிமுனை அளவுத் துளை தெரியும். அதன் வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் பிறக்கிறது. உரித்து ஒரு நிமிடம் காற்றாட வைத்துவிட்டு உள்ளே போடுங்கள். திரும்ப ஒட்டி வைத்தால் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். உரித்த நிமிடத்திலிருந்து அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

312 அளவு பேட்டரியின் குறுக்களவு 8 மில்லிமீட்டர்கூட இல்லை. உயரம் 3.6 மில்லிமீட்டர். அதை ஒரு சின்ன பி.பி. மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரவு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். புரியும்! மாத்திரை என்று நினைத்துப் பெரியவர்கள் காது மெஷின் பேட்டரியை விழுங்கிவிடுவது மருத்துவ உலகில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம். ஆனால் நம் வீடுகளில் மாத்திரை டப்பாவும் பேட்டரி அட்டையும் ஒரே அலமாரித் தட்டில்தான் இருக்கின்றன. இன்றைக்கே பிரித்து வையுங்கள். பேட்டரி மாற்றும்போது பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்துக்கொண்டு, அதே கையில் மாத்திரையும் எடுக்கிற பழக்கம் கூடவே கூடாது.

குழந்தைகள் கதை இன்னும் மோசம். தவழுகிற குழந்தைக்குத் தரையில் மின்னுகிற எதுவும் வாய்க்குள் போகும்; கொஞ்சம் பெரியதானால் மூக்கு, காது. ஈரமான சதையில் பேட்டரி ஒட்டிக்கொண்டால் அங்கே மின்சாரம் பாய்ந்து, காரத்தன்மையுள்ள அரிக்கும் பொருள் உருவாகிறது. சதை வெந்துபோகிறது. ‘தீர்ந்துபோன பேட்டரிதானே’ என்ற நினைப்பு வேண்டாம்; மெஷினை ஓட்டப் போதாத பேட்டரியிலும் புண்ணாக்கப் போதுமான மின்சாரம் இருக்கும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் கொடுத்தால் இறங்கிவிடும் என்று பாட்டி சொன்னாலும் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும்வரை எதுவும் சாப்பிடக் கொடுக்காமல், 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மெஷின் பேட்டரி சிறியது என்பதால் பெரும்பாலும் இரைப்பைக்குள் இறங்கி வெளியேறிவிடும். உணவுக்குழாயில் நின்றுவிட்டால்தான் விபரீதம். எங்கே நிற்கிறது என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். ரிமோட், எடை மெஷினில் இருக்கும் பெரிய நாணய வடிவ லித்தியம் பேட்டரி இன்னும் கொடியது. இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டிருந்தால் சொட்டு மருந்து, எண்ணெய், தண்ணீர் எதுவும் விடக் கூடாது. ஈரம் கூடினால் புண்ணும் கூடும். குழந்தையின் ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே பேட்டரி இருக்கலாம்; சளி மருந்து கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

பேட்டரி அறைக்குப் பூட்டு வைத்த மெஷின்கள் இருக்கின்றன. வீட்டில் குழந்தை இருந்தாலோ, பெரியவருக்கு மறதி அதிகம் என்றாலோ வாங்கும்போதே அதைக் கேளுங்கள். இன்னொன்று, உதிரி பேட்டரியைச் சில்லறைக் காசோடு பர்ஸில் போடாதீர்கள். உலோகம் பட்டுச் சூடேறும்.

வியர்வை, வெயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளியல், எண்ணெய்த் தலை, ஹேர் டை, ஹேர் டிரையர் எல்லாவற்றுக்கும் முன்னால் மெஷினைக் கழற்ற வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இரவில் சிலிகா ஜெல் போட்ட உலர்த்தும் டப்பாவில் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அரிசிப் பானையில் புதைத்து வைப்பது வேண்டாம், தூசிதான் ஏறும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் கண்டிப்பாகக் கழற்றிவிட்டு, ஊழியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். காதுக்குள் மறைந்திருக்கும் சின்ன மாடலை யாரும் கவனிக்காமல் போகலாம்.

வாசலைத் தாண்டினால்

இரண்டு காதும் மந்தமாக இருக்கும்போது, செலவுக்குப் பயந்து ஒரு காதுக்கு மட்டும் மெஷின் வாங்குவது நம் ஊரில் ரொம்ப சகஜம். ஒலி எந்தக் காதுக்கு முந்தி வந்தது, எதில் பலமாக விழுந்தது என்று ஒப்பிட்டுத்தான் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காதுதான் கேட்கிறது என்றால் அந்தக் கணக்கே நடக்காது. ஹாரன் கேட்கும்; வண்டி வலமா, இடமா என்று தெரியாது. ரோட்டைக் கடக்கும் பெரியவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாங்க முடியாத நிலை என்றால், அவர் காதை நம்பாமல் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தே கடக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டே இருங்கள். மெஷின் போட்ட புதிதில் டூவீலர் ஓட்டுவதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது மெஷின் தெறித்து விழுந்து தொலைந்துபோவதும் உண்டு. கழற்றியதும் கை முதலில் காதுக்குப் போக வேண்டும்.

டாக்டர் அறையில் இன்னும் கவனம் தேவை. பெரியவர்களுக்குக் கேட்காதபோது தலையாட்டுகிற பழக்கம் வந்துவிடும். மறுபடி கேட்கக் கூச்சம். ‘காலையில ஒண்ணு’ என்று டாக்டர் சொல்வதில் முதல் எழுத்து நழுவிவிட்டால் அது காலையா, மாலையா? அரை மாத்திரையா, ஒரு மாத்திரையா? இன்சுலின் யூனிட் எத்தனை? மெஷின் போட்டிருக்கிறார் என்ற தைரியத்தில் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். எழுதி வாங்குங்கள், வாங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வரும் போன்களும் அப்படித்தான். பாதி புரியாமல் ‘சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டே ஓ.டி.பி.யைச் சொல்லிவிடும் அபாயம் காது மந்தமானவர்களுக்கு அதிகம்.

இரவில் மெஷினைக் கழற்றியதும் அவர் பழைய நிலைக்குப் போய்விடுகிறார். தனியாக இருப்பவர் என்றால் போனை வைப்ரேஷனில் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கட்டும். விளக்கு எரிந்து அணையும் காலிங் பெல் கிடைக்கிறது. மெஷினைத் தினமும் ஒரே இடத்தில், கை எட்டும் தூரத்தில் வைக்கட்டும். அவசரத்தில் எழுந்து தேடும்படி இருக்கக் கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கத்தாதீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துப் பேச்சைத்தான் மெஷின் தெளிவாகப் பிடிக்கும். கத்தினால் எழுத்துகள் சிதைந்து இன்னும் புரியாமல் போகும். முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரில் வந்து, நிதானமாகப் பேசுங்கள். ‘அதான் மெஷின் வாங்கிக் குடுத்தாச்சே, இன்னும் என்ன?’ என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

தலையில் கட்டிவிடுவார்கள்!

இன்னும் வாங்காதவர்களுக்கு இது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒலிபெருக்கிகள்தான். எந்த ஒலி குறைவாகக் கேட்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தும். மிக்சி சத்தமும் ஏறும், பேத்தியின் பேச்சும் ஏறும். உச்ச வரம்பு சரியாக இல்லாத கருவியை முழு வால்யூமில் வைத்தால் இருக்கிற கேள்வித்திறனும் போகலாம். அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே மெஷின் விற்க 2022-ல் அனுமதித்தார்கள். அதுவும் 18 வயதைத் தாண்டிய, லேசான அல்லது நடுத்தர மந்தம் உள்ளவர்களுக்கு மட்டும். ஒலிக்கு உச்ச வரம்பும் உண்டு. அந்த அனுமதியின் பெயரைச் சொல்லி இங்கே எதை எதையோ விற்கிறார்கள். ‘எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு’ என்று பெட்டியில் இருப்பது அந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிசோதித்து ஏற்றுக்கொண்டதற்கான சான்று அல்ல.

கல்யாண மண்டபத்திலும் அபார்ட்மென்ட் ஹாலிலும் நடக்கும் இலவசப் பரிசோதனையை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒலி புகாத அறையில்தான் ஆடியோகிராம் (கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம்) எடுக்க வேண்டும். சுற்றிலும் சத்தம் இருந்தால் காது இருப்பதைவிட மோசமாகத் தெரியும். அதற்கேற்ற அதிக சக்தி மெஷினையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த ஆடியோகிராம் தாளை ஒரு காப்பி கேட்டு வாங்குங்கள். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. மெஷினிலும் வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். மாற்றி மாட்டினால் ஒரு காதுக்கு எழுதிய மருந்து இன்னொரு காதுக்குப் போகிறது.

பரிசோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா என்று கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் போட்டுப் பார்க்கச் சில நாள் கொடுப்பார்களா, எத்தனை தடவை இலவசமாக டியூன் செய்வார்கள், வேறு ஊர் கிளினிக்கில் இதை புரோகிராம் செய்ய முடியுமா, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்காமல் நேராகக் கடைக்குப் போகவே போகாதீர்கள். வெறும் குறும்பி அடைப்புக்கு மெஷின் வாங்கியவர்கள் உண்டு. ஒரு காது மட்டும் மந்தமாகி, இரைச்சலும் சேர்ந்திருந்தால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்; மெஷின் அதை மறைத்துவிடும்.

வசதி இல்லை என்று கடன் வாங்காதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்காக 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் கருவி தருகிறார்கள். இலவசமாக வாங்கியதற்கும் டியூனிங் அவசியம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதை யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மெஷின் போட்டிருப்பவருக்கு ஒரு காலையில் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை. என்ன செய்வார்? ‘மெஷின் ரிப்பேர்’ என்பார். சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவார்கள். அது திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள். வந்து மாட்டியும் கேட்காதபோதுதான் போனது மெஷின் அல்ல, காது என்று தெரியும். திடீர் நரம்புக் காது மந்தம் ஓர் அவசர நோய். மூன்று நாளுக்குள் வந்துவிடும். சிலருக்குத் தூங்கி எழும்போதே வந்திருக்கும். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு வாய்ப்பு. இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே திடீரென்று கேட்காமல் போனால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், குறும்பி அடைத்திருக்கிறதா என்று முனையைத் துடைத்துப் பாருங்கள், மெஷினை உங்கள் காதருகே வைத்து ஒலி வருகிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. மெஷின் நன்றாக இருந்து காது மட்டும் கேட்கவில்லை என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடுங்கள்.